மச்சாள் வந்த அன்று நான் மலை ஏறினேன்

கொலோனில் என்னைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை, அதுவும் புருஷனுடைய சொந்த அக்காவை, பச்சை இறைச்சியோடு குசினியில் விட்டுவிட்டு மலை ஏறிப் போனவள் நான் என்று. கோயில் மண்டபத்தில் தட்டுகள் அடுக்கும் இடத்திலும், தமிழ்க் கடையில் வெண்டிக்காய் பொறுக்கும் இடத்திலும் என் முதுகுக்குப் பின்னால் இதைச் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லட்டும். கதையில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பாதியை மட்டும் சொல்கிறார்கள் என்பதுதான் என் கோபம். மீதியை நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் சமைக்கிறேன். பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் அவித்துக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே சோறும் கறியும். சனி ஞாயிறில் கோயில் திருவிழா, சங்கத்துப் பொங்கல், யாருடையதோ செத்தவீட்டுச் சாப்பாடு. எங்கே பெரிய சட்டி அடுப்பில் ஏறினாலும் எனக்கு போன் வரும். என் கை ருசிக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயர்தான் என்னைப் பிடித்த சனி.

விடுமுறைக்குப் போகாத குடும்பம் என்று எங்களைச் சொல்ல முடியாது. பாரிஸ், லண்டன், சூரிச், ஒருமுறை ரொறன்ரோ. ஆனால் எங்கள் சனத்துக்கு விடுமுறை என்றால் இடத்துக்குப் போவதல்ல, ஆட்களிடம் போவது. போன இடமெல்லாம் ஒரு கலியாணம், பெரியபிள்ளையானவளுக்கு ஒரு சாமத்தியவீடு, செத்தவருக்கு ஓர் அந்தியேட்டி. ஈபிள் கோபுரத்தை நான் பார்த்தது ஓடுகிற காருக்குள் இருந்து, மடியில் பலகாரத் தட்டோடு. ரொறன்ரோவில் மூன்று வீட்டுக் குசினிகள் எனக்கு நல்ல பழக்கம். அந்த ஊரில் பெரிய ஏரி ஒன்று இருக்கிறதாம். நான் காணவில்லை.

ஆகவே ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். எனக்கு ஒரு கிழமை வேண்டும், அந்தக் கிழமையில் நான் ஒருவருக்கும் சமைக்க மாட்டேன், போகிற இடத்தில் எங்கள் ஆட்கள் ஒருவரும் இருக்கக் கூடாது. மகள் அன்று வீட்டுக்கு வந்திருந்தாள். மியூனிக்குக்குப் பக்கத்தில் கார்ஹிங்கில் படிக்கிறாள். நான் சொல்லி வாய் மூடவில்லை, போனை எடுத்துவிட்டாள். போன வருடம் சிநேகிதிகளோடு ஸ்கொட்லாந்துக்குப் போனவள். அங்கே நாட்டுப்புறத்தில் மலையடிவாரத்துக் கல் வீடு ஒன்றைக் காட்டினாள். சுற்றிவர வீடில்லை. செம்மறி ஆடுகள் மட்டும்.

என் கணவர் படத்தை உற்றுப் பார்த்தார். இனி அவரை இவர் என்றே சொல்கிறேன், வீட்டில் அப்படித்தான். நகரப் பஸ் ஓட்டுகிறார். நீளமான பஸ்ஸை எந்தச் சந்து பொந்துக்குள்ளும் திருப்பிவிடுவார், ஆனால் ஆள் தெரியாத ஊர் என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

"அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே," என்றார்.

"அதுக்காகத்தான்," என்றேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இவருடைய அக்கா, என் மச்சாள், லண்டனில் இருக்கிறார். தாய் இல்லாத வீட்டில் இவரைக் குளிப்பாட்டித் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவர் அவர்தான். இவர் மேல் மச்சாளுக்கு உயிர். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் இங்கிலாந்துக் கரையில் கால் வைத்துவிட்டு மச்சாள் வீட்டு வாசலை மிதிக்காமல் திரும்புவது எங்கள் குடும்பத்தில் கேள்விப்படாத சங்கதி. மிதித்தால் ஒரு நாளில் விட மாட்டார். சொந்தம் எல்லாம் கூடும். பெரிய சட்டி ஏறும். கரண்டி யார் கையில் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இவரிடம் இரண்டு நிபந்தனை போட்டேன். திரும்பி வரும்வரை மச்சாளுக்குச் சொல்லக் கூடாது. ரைஸ் குக்கர் காரில் ஏறக் கூடாது. இரண்டுக்கும் ஓம் என்றார்.

கப்பலில் காரை ஏற்றிக்கொண்டு போனோம். இவர் தோளில் கறுப்புப் பை. அதற்குள் எங்கள் மூவரின் பாஸ்போர்ட், குடியுரிமைப் பத்திரம், கலியாண எழுத்துப் பிரதி, இன்னும் என்னென்னவோ. கப்பலுக்குப் பாஸ்போர்ட் வேண்டும்தானே என்பீர்கள். இவர் எங்கள் தெரு முனையில் பாண் வாங்கப் போனாலும் அந்தப் பையோடுதான் போவார். அதற்குக் காரணம் உண்டு. அகதியாக வந்த புதிதில் இவரை ஒரு சின்னப் பட்டணத்தில் வைத்திருந்தார்கள். அந்த மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கு அன்ராக் என்று விண்ணப்பம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். பக்கத்துப் பட்டணத்தில் தமிழ்க் கடை ஒன்று திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, உறைப்பில்லாத சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போன மனிதர், அனுமதி இல்லாமல் ரயில் ஏறினார். திரும்பி வரும்போது நிலையத்தில் பிடித்துவிட்டார்கள். பொழுது சாயும்வரை பொலிஸ் நிலையத்து வாங்கில் இருத்தி வைத்து, மிளகாய்த்தூள் பையை மேசையில் போட்டு ஆளுக்காள் முகர்ந்து பார்த்துத் தும்மினார்களாம். மற்றவர்கள் சிரிக்கச் சிரிக்க இவர் இதைச் சொல்வார். ஆனால் அதற்குப் பிறகு தாள் இல்லாமல் இவர் வாசல் தாண்டியதில்லை. ஜெர்மன் குடியுரிமை கிடைத்து எத்தனையோ வருடம் ஆகியும் அந்தப் பை தோளை விட்டு இறங்கவில்லை.

அந்தக் கல் வீட்டின் சொந்தக்காரி வயதான வெள்ளைக்காரப் பெண். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, பக்கத்தில் ஒரு நாய். வீட்டுத் திறப்பைத் தந்துவிட்டு மலையைக் காட்டிச் சொன்னார், மகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். இந்த மலை அவருடையது. அடுத்தது வேறொருவருடையது. இரண்டிலும் நாங்கள் நடக்கலாம், ஒருவரையும் கேட்க வேண்டாம். அந்த நாட்டுச் சட்டமே அப்படி. வேலியில் இருக்கிற படலைகளைத் திறந்து போய், பின்னால் சாத்திவிட வேண்டும், ஆடு வெளியே போகாமல். அவ்வளவுதான்.

இவர் நம்பவில்லை. திரும்பவும் கேட்கச் சொன்னார். மகள் கேட்டாள், அந்தப் பெண் சிரித்துக்கொண்டு அதையே சொன்னார்.

"ஆரின்ரையோ காணிக்குள்ள கேக்காமல் போறதோ?" என்றார் இவர். எல்லை வேலிக் கதியால் ஒரு சாண் தள்ளிப்போனால் அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போகிற ஊரில் பிறந்தவர். அதற்குமேல் ஜெர்மனியில் அந்த மாவட்ட எல்லை வேறு. இரண்டும் சேர்ந்து இவரை அந்த இரும்புப் படலைக்கு முன்னால் நிறுத்திவிட்டன. நானும் மகளும் திறந்து உள்ளே போனோம். இவர் பையை அணைத்துக்கொண்டு வெளியே நின்றார்.

"நீங்க போட்டு வாங்கோ. நான் இஞ்ச நிக்கிறன்," என்றார்.

ஒவ்வொரு நாளும் இதுதான். நாங்கள் ஏறுவோம். மேலே இருந்து பார்த்தால் படலைக்குப் பக்கத்தில் இவர் ஒரு புள்ளியாக நிற்பது தெரியும். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. முப்பது வருடமாக ஒரு நாட்டுக்கு வரி கட்டுகிற மனிதர், ஆடு போகிற இடத்துக்குப் போகப் பயப்படுகிறார்.

ஆனால் என் நாட்கள் என் நாட்களாக இருந்தன. விடிந்த பிறகும் படுத்திருந்தேன். பசித்தவர்கள் பாண் வெட்டி வெண்ணெய் பூசிக்கொண்டார்கள், முட்டை அவித்துக்கொண்டார்கள், டின்னில் இருந்த அவரைக்கொட்டையைச் சூடாக்கிக்கொண்டார்கள். இவர் குளிர்ச்சட்டைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த மிளகாய்த்தூளை அந்த அவரையில் தூவுவதைக் கண்டேன். காணாத மாதிரி இருந்தேன். மழை பெய்தது, வெளித்தது, திரும்பப் பெய்தது. மழைக்குள்ளும் நடந்தேன். ஒருநாள் முகம் துடைக்கக் கையைத் தூக்கியபோது கையில் வெங்காய மணம் இல்லை. கலியாணம் கட்டிய நாளில் இருந்து என்னோடு வந்த மணம். மணந்து பார்த்தேன், சவர்க்கார மணம் மட்டும்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று பின்னேரம்தான் அந்த வெள்ளை வான் வந்தது. ஆட்டுப் பாதையில் குலுங்கிக் குலுங்கி வந்து எங்கள் வாசலில் நின்றது. கதவு திறந்தது. மச்சாள் இறங்கினார். பின்னால் அவருடைய மனுசன், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இரண்டு பேர்.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. கப்பல் ஏறுமுன் துறைமுகத்தில் வைத்து அக்காவுக்கு போன் எடுத்திருக்கிறார். சொல்லாமல் போவது மனதுக்குச் சரிவரவில்லையாம். மூத்தவர்களிடம் ஒரு சொல்லுச் சொல்லாமல் எங்கள் ஆட்கள் பயணம் வெளிக்கிடுவதில்லை, அது ஊறிப்போனது. சொன்னதோடு நிற்காமல், ஆபத்து அந்தரத்துக்கு என்று வீட்டு விலாசத்தையும் கொடுத்திருக்கிறார். விலாசம் கொடுத்தால் வரச் சொன்ன மாதிரித்தானே. மச்சாள் விடியுமுன் வெளிக்கிட்டு, அந்த நீளத் தேசத்தை ஒரே நாளில் கடந்து வந்திருந்தார்.

தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கும் முத்தம் தந்தார். பிறகு குசினிக்குள் எட்டிப் பார்த்தார். அரைவாசி வெட்டிய பாண், வெறும் டின்கள், குளிர்ந்த அடுப்பு.

"என்ர தம்பி பாண் திண்டுகொண்டு கிடக்கிறான்," என்றார், சுவரைப் பார்த்து.

வானில் இருந்து ஒரு குளிர்ப்பெட்டி இறங்கியது. உள்ளே ஆட்டிறைச்சி, அளவாக வெட்டி, கறிவேப்பிலை தனிப் பொட்டலமாகக் கட்டி. அதற்குப் பின்னால் ஒரு ரைஸ் குக்கர். கொலோனில் நான் விட்டுவிட்டு வந்ததற்குப் பதிலாக லண்டனில் இருந்து ஒன்று வந்துவிட்டது. மச்சாள் இறைச்சிப் பெட்டியை என் கையில் தந்தார்.

"உம்மட கையால ஒரு கறி வையும் பிள்ளை. உம்மட கறி திண்டு எவ்வளவு காலம்."

இதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. கெட்ட எண்ணத்தோடு வந்திருந்தால் மல்லுக்கட்டலாம். அன்போடு கொண்டுவந்து கையில் தந்தால் என்ன செய்வது. மற்றவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சோபாவில் சாய்ந்துவிட்டார்கள். மச்சாளின் மனுசன் தொலைக்காட்சி எங்கே என்று கேட்டார். பெட்டி கையில் கனத்தது. இதைத் திறந்து கத்தியை எடுத்தேன் என்றால் இந்தக் கிழமை முடிந்தது. கிழமை மட்டும் அல்ல. இனி எந்தக் காலத்திலும் என்னால் இப்படி ஒன்றைக் கேட்க முடியாது. கேட்டால், போன முறையும் இப்படித்தானே சொன்னாய், பிறகு சமைத்தாய்தானே என்பார்கள். நானே என்னைப் பார்த்து அப்படிச் சொல்வேன்.

பெட்டியை மேசையில் வைத்தேன்.

"வந்தது சந்தோசம், மச்சாள். இருங்கோ, எல்லாருக்கும் இடம் இருக்கு," என்றேன். "ஆனால் நான் இஞ்ச சமைக்க வரேல்லை."

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மகள் எழும்பி, தான் சமைப்பதாகச் சொன்னாள். பிரச்சினையை முடித்துவைக்கப் பார்த்தாள், பாவம். எனக்கு அதுதான் இன்னும் சுட்டது. என் கையில் இருந்து கரண்டியை வாங்கி அவள் கையில் கொடுப்பதற்கா இவ்வளவு பாடு. நீயும் இங்கே சமைக்க வரவில்லை, பிள்ளைகளுக்கு ஆட்டைக் கொண்டுபோய்க் காட்டு என்றேன். பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மச்சாளின் முகம் சிவந்தது.

"வீட்டுக்கு வந்த ஆக்களுக்கு ஒரு கறி வைக்க ஏலாதோ உமக்கு?"

"ஏலும் மச்சாள். வைக்க மாட்டன்."

மச்சாள் தம்பியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இவர் நிலத்தைப் பார்த்தார். அந்த நிலத்தில் என்ன எழுதியிருந்ததோ தெரியாது. நான் வாசலில் குந்தி மலைச் சப்பாத்தைப் போட்டேன். கோபத்தில் நாடாவை இறுக்கி இழுத்தேன். கட்டிக்கொண்டு எழும்பி, போட்டு வாறன் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தேன்.

முதல் படலையைத் திறந்தேன், சாத்தினேன். ஈரப் புல். ஆடுகள் விலகி நின்று பார்த்தன. ஏற ஏற மூச்சு வாங்கியது, மூச்சோடு கோபமும் வாங்கியது. இவர் வர மாட்டார் என்று தெரியும். தன்னைத் தாயாக நின்று வளர்த்தவரை விட்டுவிட்டு வா என்று நான் எப்படிக் கேட்பது. கேட்கவும் இல்லை. அதற்காக நான் பெருந்தன்மையோடு நடந்தேன் என்று நினைக்காதீர்கள். வராவிட்டால் சாகும்வரை மறக்க மாட்டேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டுதான் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காது முழுக்கப் பின்னால்தான் இருந்தது.

நான் ஒரு மேட்டைத் தாண்டியபோது கீழே இரும்பு கிரீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு கொளுக்கி விழுந்த சத்தம். காற்றாக இருக்கும் என்று இன்னும் நாலு அடி வைத்தேன். பொறுக்க முடியவில்லை, திரும்பினேன்.

இவர் படலைக்கு உள்ளே நின்றார். என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, கொளுக்கி சரியாக விழுந்ததா என்று படலையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கதவு சாத்தியதா என்று பார்க்கிற மனிதர் அல்லவா. பிறகு பட்டணத்துச் சப்பாத்தோடு வழுக்கி வழுக்கி ஏறி வந்தார். ஆடுகளுக்குக் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார். கிட்ட வந்தபோதுதான் கவனித்தேன். தோளில் ஒன்றும் இல்லை.

"பை எங்க?" என்றேன்.

மூச்சு வாங்கி முடியும்வரை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்காட்டக் குடுத்திட்டு வந்தன். இதை வைச்சிருங்கோ, நான் அவவோட மேல போட்டு வாறன் எண்டு சொன்னன்."

இந்த மனிதரை இவ்வளவு காலத்தில் தாள் இல்லாமல் வெளியில் நான் கண்டதில்லை. வேற்று நாட்டில், வேறு யாரோ ஒருவரின் மலையில், சட்டைப் பையில் மிளகாய்த்தூளைத் தவிர வேறொன்றும் இல்லாமல் நின்றார். விலாசம் கொடுத்ததற்கு ஏச வேண்டும் என்று எண்ணியிருந்ததை வேறு நாளைக்கு ஒத்திவைத்தேன். பிறகு கொலோனில் வைத்து வட்டியோடு ஏசினேன், அது வேறு.

இருவரும் உச்சிவரை போனோம். அங்கே அடுத்தவருடைய மலைக்குப் போகும் இன்னொரு படலை இருந்தது. நான் கையை நீட்டுமுன் இவர் அதைத் திறந்து பிடித்தார்.

"வாரும்," என்றார்.

இறங்கி வரும்போது மழை தூறியது. முதல் படலைக்கு வரும்போதே ஆட்டிறைச்சிக் கறியின் வாசம் வந்தது. மச்சாளும் அவருடைய மகனும் சமைத்திருந்தார்கள். பை கதிரையின் முதுகில் தொங்கியது. மச்சாள் என் முகத்தைப் பார்க்காமல் எனக்குச் சோறு போட்டார். நான் வெட்கப்படாமல் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு மற்றவர் கையால் சுடச்சுடச் சாப்பிட்டது. நல்ல கறி மச்சாள் என்றேன். உப்புக் கூடிப்போச்சு என்றார், இன்னும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு. கூடவில்லை.

அடுத்த நாள் போனார்கள். போகுமுன் மச்சாள், கழுவிய ரைஸ் குக்கரைத் தானே தூக்கி வானில் ஏற்றினார். நான் தூக்கித் தரவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். லண்டன் போய்ச் சேர்ந்ததும் ஆட்களுக்குச் சொன்னார், லண்டன் கொலோனுக்குச் சொன்னது. நான் ஒருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு திரியவில்லை. கோயிலில் ஒருத்தி நேரே வந்து, நடந்தது உண்மையோ என்று கேட்டாள். ஓம் என்றேன். பிறகு வேறு கேள்வி வரவில்லை. இந்த முறை திருவிழாவுக்கு நான் சாப்பிடத்தான் வருவேன் என்று கோயில் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவர் இன்னும் அதை நம்பவில்லை. இவரும் தெரு முனைக்கு இன்னும் பையோடுதான் போகிறார். ஒரு மலையில் எல்லாம் மாறிவிடாது.

அடுத்த கோடைக்கும் அதே வீட்டைப் பிடித்துவிட்டோம். இந்த முறை ஒளிப்பு மறைப்பு வேண்டாம் என்று நானே மச்சாளுக்கு போன் எடுத்துத் திகதியைச் சொன்னேன். "விரும்பினால் வாங்கோ, மச்சாள். சமைக்கிற ஆள் நான் இல்லை," என்றேன்.

மச்சாள், அந்த மலை ஏறுவதற்கு என்ன மாதிரிச் சப்பாத்து வாங்க வேண்டும் என்று கேட்டார்.